முந்நூத்தி முப்பது சதுர அடி

செருப்ப அங்கயே விட்டுடுங்க தம்பி. இல்ல இல்ல, ரேக்குல வெக்காதீங்க. ரேக்குல ஒவ்வொரு தட்டுக்கும் ஆள் இருக்கு, பேர் எழுதி ஒட்டியிருக்கேன் பாருங்க. வர்றவங்களுக்கு வாசலுக்கு வெளிய எடது பக்கம். வலது பக்கம் எதிர் வீட்டுக்காரருது, அதுக்கு ஒரு சண்டை போட்டு முடிச்சாச்சு. உள்ள வாங்க. பைய தரையில வெக்க வேணாம், அந்த ஆணியில மாட்டுங்க. அது அஞ்சு கிலோ தாங்கும். அளக்குற சாமான்தானே இருக்கு உள்ள? மாட்டுங்க, மாட்டுங்க.

பால்கனிதான். போன்லயே சொன்னேனே, பால்கனிய அடைச்சு ஒரு ரூம் மாதிரி பண்ணணும். சுத்தி பிவிசி ஷீட்டு, ஒரு ஸ்லைடிங் கதவு, அவ்வளவுதான். தள்ளித் தொறக்குற கதவு வேணாம். கதவு தொறக்குறதுக்கே ரெண்டரை அடி வீணாப் போயிடும். யாருக்கா? என் சம்சாரத்துக்குத்தான். சம்பூர்ணம்னு பேரு. இப்போ இங்க இல்ல. கொளத்தூர்ல சின்னவன் வீட்டுல இருக்கா. பத்து நாள்னு சொல்லிட்டுப் போனவ, இன்னியோட அம்பத்திரெண்டு நாள் ஆவுது. அவளத் திரும்பக் கூட்டிட்டு வரணும். அதுக்குத்தான் உங்கள வரச் சொன்னது.

நீங்க அளங்க, நான் பேசிக்கிட்டே இருக்கேன். பேச்சு வேலைய கெடுக்காதுல்ல?

இந்த வீடு மொத்தம் முந்நூத்தி முப்பது சதுர அடி. ஹவுசிங் போர்டு வீடு. ஹால் பத்துக்குப் பன்னெண்டு, பெட்ரூம் பத்துக்கு ஒம்பது, சமையக்கட்டு எட்டுக்கு ஆறு, மிச்சம் பாத்ரூமும் இந்தப் பால்கனியும். இதுல ஏழு பேர் இருந்தோம் தம்பி. நான், என் சம்சாரம், பெரியவன் லோகு, அவன் பொண்டாட்டி ஹேமா, அவங்க பொண்ணு சின்னக்குட்டி, அப்புறம் சின்னவன் தாமு, அவன் பொண்டாட்டி கௌசல்யா. ஏழு பேர். ஒருத்தர ஒருத்தர் இடிச்சிக்காம இருந்தோம். எப்படின்னு கேளுங்க. திட்டம். எல்லாம் திட்டம்.

நான் முப்பத்தோரு வருஷம் லாரி ஸ்பேர் பார்ட்ஸ் குடோன்ல ஸ்டோர் கீப்பர். பதினோராயிரத்துச் சொச்சம் அயிட்டம். கண்ணக் கட்டிவிட்டாலும் எந்த ரேக்கு, எந்தத் தட்டுன்னு சொல்லுவேன். குடோன்ல ரெண்டே விஷயம்தான். ஒண்ணு, ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு எடம். ரெண்டாவது, அடிக்கடி எடுக்குற சரக்கு கவுண்டர் பக்கத்துல இருக்கணும். இந்த ரெண்டும் தெரிஞ்சா எந்த வீட்டையும் சமாளிக்கலாம். யாருக்குத் தெரியுது? கல்யாணத்துக்கு எவனோ குடுத்தான்னு டின்னர் செட்ட வாங்கி வெச்சுக்கறான், அது மேல பீரோ, பீரோ மேல சூட்கேஸு, சூட்கேஸ் மேல பொம்ம. அப்புறம் வீடு சின்னதுங்கறான். வீடா சின்னது? புத்தி சின்னது.

ஹால்ல படுக்கறதுக்கே நான் கிராஃப் பேப்பர்ல படம் போட்டேன் தம்பி. சிரிக்காதீங்க. வடக்க தல வெச்சுப் படுக்கக் கூடாது. சரியா? சாமி மாடம் கெழக்குச் சொவத்துல இருக்கு, அந்தப் பக்கம் கால் நீட்டக் கூடாது. அப்போ எல்லாருக்கும் தல கெழக்க. கால் மேற்க. மேற்க என்ன இருக்கு? வாசக் கதவு. அதனால கதவுப் பக்கம் நான் படுத்தேன். விடியக்காலம் யாராவது வெளிய போவணும்னா என் கால மடக்கினாப் போதும், மத்தவங்க தூக்கம் கெடாது. எல்லாத்தையும் யோசிச்சிருக்கேன்ல? யாராவது ஒருத்தர் வாயத் தொறந்து நல்லாயிருக்குன்னு சொல்லியிருப்பாங்களா? ம்ஹூம்.

பெரியவன் கல்யாணம் ஆனப்போ பெட்ரூம அவனுக்குக் குடுத்தாச்சு. ஆறு வருஷம் ஒரு பிரச்சினையும் கெடையாது. போன ஆவணியில தாமுவுக்குக் கல்யாணம். ரெண்டு ஜோடி, ஒரு ரூமு. என்ன பண்ணுவீங்க? வேற யாரா இருந்தாலும் தலையில கை வெச்சுக்கிட்டு உக்காந்திருப்பான். நான் அர மணி நேரத்துல முடிச்சேன். ஒத்தப்படத் தேதி பெரியவனுக்கு, ரெட்டப்படத் தேதி சின்னவனுக்கு. நாள் காலண்டர எடுத்து பெட்ரூம் கதவுலயே மாட்டிட்டேன். காலையில தாளக் கிழிச்சா இன்னிக்கு யாருதுன்னு தெரிஞ்சிடும். கேள்வியே கெடையாது. மூத்தவன், அதனால ஒண்ணாந்தேதி. எளையவன், அதனால ரெண்டாந்தேதி. முறை இல்லாத ஆளுங்க ஹால்ல. சின்னக்குட்டி எந்த நாளும் ஹால்லதான், என் பக்கத்துல. நியாயமா இல்லையா, நீங்களே சொல்லுங்க.

அந்த கௌசல்யா இருக்காளே, சின்ன மருமக, அவ ஒரு ரத்தப் பரிசோதனை லேபுல வேலை பாக்குறா. விடியக்காலம் அஞ்சரைக்கெல்லாம் கெளம்பணும். வெறும் வயித்துல ரத்தம் குடுக்க ஜனங்க வந்து நிப்பாங்களாம். நல்ல பொண்ணுதான். நான் குத்தம் சொல்லல. ஆனா எதையும் உடனே ஒத்துக்க மாட்டா. ஊசி குத்தி எடுத்துப் பாத்தாத்தான் நம்புவா.

வந்து ஒரு மாசம் கூட ஆவல. ஆகஸ்டு முப்பதாந்தேதி அவங்க முறை. முப்பத்தொண்ணு பெரியவனுக்கு. மறுநாள் செப்டம்பர் ஒண்ணாந்தேதி. சாயங்காலம் தலகாணியும் போர்வையுமா கௌசல்யா பெட்ரூம் வாசல்ல நிக்கிறா. உள்ள ஹேமா பெட்ஷீட்ட ஒதறிக்கிட்டிருக்கா.

"அக்கா, இன்னிக்கு எங்க நாள்"ங்கறா இவ.

"தேதியப் பாருடி, ஒண்ணு"ங்கறா அவ.

"நேத்தும் நீங்கதானே?"

"நேத்து முப்பத்தொண்ணு."

ரெண்டு பேரும் என்னப் பாக்குறாங்க. என்ன சொல்லச் சொல்றீங்க? ஒத்தப்படன்னா ஒத்தப்படதான். அதத்தான் சொன்னேன். கௌசல்யா திரும்பப் போயி தலகாணிய ஹால்ல போட்டா. சரி, அடங்கிடுச்சுன்னு நெனச்சேன். மறுநாள் வேலைக்குப் போயிட்டு வந்து, காப்பிய ஆத்திக்கிட்டே சொல்றா: "மாமா, வருஷத்துக்கு ஏழு மாசம் முப்பத்தொண்ணு வருது. அவங்களுக்கு நூத்தியெம்பத்தாறு நாள், எங்களுக்கு நூத்தியெழுவத்தொம்பது. ஏழு நாள் கொறையுது."

ஏழு நாள்! முந்நூத்தி அறுபத்தஞ்சு நாள்ல ஏழு நாள். அதுக்கு ஒருத்தி உக்காந்து கணக்குப் போடுறா. எனக்கு வந்துச்சே கோவம். முப்பத்தோரு வருஷம் ஸ்டாக் எடுத்தவன்கிட்டயே வந்து ஸ்டாக் கொறையுதுங்கறா. ஆனா தப்பு என்னுதுதான், கணக்குல இடிச்சிருச்சு, அத ஒத்துக்கிட்டேன். ஒத்துக்கிட்டு சரியும் பண்ணேன். முப்பத்தொண்ணாந்தேதி யாருக்கும் கெடையாது, பொதுன்னு சொல்லிட்டேன். பொதுன்னா சும்மா கெடக்கலாமா? எடம் காலியா கெடந்தா அது நஷ்டம். அதனால முப்பத்தொண்ணாந்தேதி கட்டில்ல நான் படுத்துக்கறேன்னு சொன்னேன். நடுநிலையா இருக்கணும்ல. அவங்களுக்கும் திருப்தி, இவங்களுக்கும் திருப்தி.

என்ன தம்பி? பால்கனி எவ்வளவு வருது? நீளம் ஏழடி. வாஷிங் மெஷின் போவ? அத எடுக்க முடியாது, குழா அங்கதான் இருக்கு. எழுதிக்குங்க. மெஷின் போவ நாலே முக்கால். அகலம் மூணு. போதும், போதும். அவ சின்ன உருவம்.

அக்டோபர் முப்பத்தொண்ணு வந்துச்சு. எத்தனையோ வருஷத்துக்கு அப்புறம் கட்டில்ல படுக்கறேன், முதுகுக்கு அவ்வளவு சொகமா இருந்துச்சு. சாப்புட்டுட்டு போயி ஃபேனப் போட்டேன். சம்பூர்ணம் பாய சுருட்டி கையில வெச்சுக்கிட்டு வாசல்ல வந்து நின்னா. "இன்னிக்கு நானும் இங்க ஓரமா படுத்துக்கட்டுமா, ஃபேன் காத்துக்கு"ன்னு கேட்டா. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. ரெண்டு மருமகளுங்க ஹால்ல படுத்திருக்காளுங்க, பேத்தி இருக்கா, இந்த வயசுல நாம ரெண்டு பேரும் கதவ சாத்திக்கிட்டா அவங்க என்ன நெனைப்பாங்கன்னு சொன்னேன். கதவத் தொறந்தே வெச்சுக்கலாமேன்னா. கதவு தொறந்தா பீரோவுல இடிக்கும், வழியும் அடைபடும். அதுவுமில்லாம காலையில நாலரைக்கு பால்காரன் பெல்லடிச்சா யார் எழுந்திருக்கறது? அதெல்லாம் சொன்னேன். பொறுமையாத்தான் சொன்னேன். சரிங்கன்னுட்டு போயிட்டா. அவ எப்பவும் அப்படித்தான், ஒரு வார்த்த சொன்னா புரிஞ்சுக்குவா. டிசம்பர் முப்பத்தொண்ணு அவ வரவேயில்ல.

அவ எங்க படுப்பான்னு கேக்குறீங்களா? சமையக்கட்டுல. பசங்க பத்தாவது படிக்கறப்போ ஆரம்பிச்சது. பெட்ரூம்ல பசங்க லைட்டப் போட்டு படிப்பாங்க, ஹால்ல நான். காலையில நாலரைக்கு எழுந்து குக்கர் வெக்கறவ அங்கயே படுத்தா நல்லதுதானே? எழுந்த எடத்துலயே வேலை. நான்தான் சொன்னேன். அடிக்கடி எடுக்குற சரக்கு கவுண்டர் பக்கத்துலன்னு சொன்னேன்ல, அதே கணக்கு. பதினெட்டு வருஷம் ஆவுது. ஒரு நாள் ஒரு கொற சொன்னதில்ல தம்பி. இந்தக் காலத்துப் பொண்ணுங்க ஏழு நாளுக்கு நாக்கு மேல பல்லு போட்டுப் பேசுதுங்க. அவ பதினெட்டு வருஷம் வாயத் தொறக்கல.

வம்பு எங்க ஆரம்பிச்சதுன்னா அந்தச் சமையக்கட்டுலதான். கௌசல்யா விடியக்காலம் நாலே காலுக்கு தன் டிபன் பாக்ஸ எடுக்க உள்ள போவா. ஒரு நாள் போனவ வெளிய வந்து என்ன எழுப்புறா. என் கால மடக்கச் சொல்றாளோன்னு மடக்கினேன். "மாமா, அத்தை உக்காந்துக்கிட்டே தூங்குறாங்க. சிலிண்டர்ல சாஞ்சுக்கிட்டு. கீழ ஃப்ரிட்ஜ் தண்ணி ஒழுகி ஈரமா இருக்கு"ங்கறா. ஃப்ரிட்ஜ்னா தண்ணி ஒழுகத்தான் செய்யும், துணி போடச் சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். அன்னிலருந்து என் மூஞ்சியப் பாத்து ஒழுங்காப் பேசல அந்தப் பொண்ணு.

ஒரு ஞாயித்துக்கெழம கிராஃப் பேப்பர எடுத்து வெச்சுக்கிட்டு உக்காந்தா. நான் சந்தோஷப்பட்டேன், பரவால்லையே, நம்ம வேலைய ஒருத்தியாவது உக்காந்து பாக்குறாளேன்னு. வெரல வெச்சு வெச்சுப் பாத்துட்டு, "இதுல எல்லார் பேரும் இருக்கு, அத்தை எங்க மாமா?"ன்னா.

"சமையக்கட்டுல"ன்னேன்.

"சமையக்கட்டுல சமையல்னு மட்டும்தானே எழுதியிருக்கீங்க?"

இது ஒரு கேள்வியா? சமையக்கட்டு பூராவே அவளுதுதான், அதுக்குத் தனியா கட்டம் போட்டு பேர் எழுதணுமா? மத்தவங்களுக்கெல்லாம் பாதி நாள்தான் எடம், அவ ஒருத்திக்குத்தான் வருஷம் பூரா எடம். அதச் சொன்னேன். தாமு ஏதோ சொல்ல வாயெடுத்தான், நான் பாத்த பார்வையில மூடிக்கிட்டான். சம்பூர்ணம் உள்ள வெங்காயம் அரிஞ்சுக்கிட்டிருந்தா. அவ ஒண்ணும் சொல்லல. அவளே ஒண்ணும் சொல்லாதப்போ இவளுக்கு என்ன வந்துச்சு?

தை பொறந்ததும் தாமுவும் அவளும் வந்து நிக்கிறாங்க. கொளத்தூர்ல வீடு பாத்துட்டாங்களாம். ஒரே ரூமு, ஒரு சமையக்கட்டு. நூத்தியெம்பது சதுர அடி. இங்கயிருந்து அங்க! முந்நூத்தி முப்பத விட்டுட்டு நூத்தியெம்பதுக்குப் போறான் தம்பி எவனாவது? ஏழு நாளுக்காகக் குடும்பத்த ஒடச்சிக்கிட்டுப் போறீங்களேடான்னு கத்துனேன். அந்த ஏழு நாளையும்தான் தீத்து வெச்சேனேன்னு கத்துனேன். கௌசல்யா பொறுமையா, "ஏழு நாளுக்கு இல்ல மாமா"ன்னா. வேற எதுக்குன்னு கேட்டேன். சம்பூர்ணம் பக்கம் ஒரு தரம் பாத்துட்டு மூட்டைய கட்டப் போயிட்டா.

பால் காய்ச்ச சம்பூர்ணத்தையும் கூட்டிட்டுப் போனாங்க. புது வீடு, புதுசா குடித்தனம் பண்றவங்க, ஒரு பெரியவங்க கூட இருந்து ஒழுங்கு பண்ணிக் குடுக்கட்டும்னு நானே அனுப்பினேன். பத்து நாள். ரெண்டு பொடவ எடுத்துக்கிட்டா. பதினோராம் நாள் போன் பண்றேன், "இன்னும் ரெண்டு நாள்"ங்கறா. ரெண்டு நாள் கழிச்சுப் பண்றேன், "வர்றேன், வர்றேன்"ங்கறா. இங்க என் பொழப்பு நாறுது. ஹேமாவுக்கு காலையில பொண்ண ஸ்கூலுக்கு அனுப்பறதே பெரிய பாடு. ஒம்பது மணிக்குத்தான் எனக்குக் காப்பி. பால் பாக்கெட் வாசல்லயே கெடந்து கெட்டுப் போவுது. எந்தப் பொருள் எந்த எடத்துல இருக்குன்னு ஒரு கண்ட்ரோல் இல்ல. அன்னிக்கு மஞ்சத்தூள தேடி கால் மணி நேரம். நான் ஒட்டின சீட்டு ஒண்ணு, உள்ள இருக்கற சாமான் ஒண்ணு. அப்போதான் தெரிஞ்சுது, இத்தன வருஷமா நான் ஒட்டின சீட்டுப்படி அவ வெக்கவே இல்லன்னு. அவளுக்குன்னு வேற ஒரு கணக்கு வெச்சிருந்திருக்கா.

உண்மையச் சொல்லணும்னா தம்பி, மஞ்சத்தூள் இல்ல விஷயம். ராத்திரி அந்தப் பக்கம் ஏதாவது பாத்திரம் உருளற சத்தம் கேக்கும், இருமுவா, தண்ணி குடிப்பா. அது கேட்டுக்கிட்டே தூங்கிப் பழக்கம். இப்போ சத்தமே இல்ல. எனக்குத் தூக்கம் வரல. இத அவகிட்ட எப்படிச் சொல்றது? சொன்னா சிரிப்பா.

போன வாரம் நேராவே கெளம்பிப் போயிட்டேன். மத்தியானம் ரெண்டு, ரெண்டரை இருக்கும். அவங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போயிட்டாங்க. கதவு சாத்தியிருந்துச்சு, தாழ்ப்பாள் போடல. தள்ளிட்டு உள்ள போனேன். ஒரே ரூம நடுவால கம்பி கட்டி ஒரு திரைய தொங்க விட்டிருக்காங்க. திரைக்கு அந்தாண்ட, ஜன்னலுக்குக் கீழ, ஒரு இரும்புக் கட்டில். அதுல சம்பூர்ணம் படுத்திருக்கா. மல்லாக்க. கையையும் காலையும் விரிச்சுப் போட்டுக்கிட்டு.

முப்பத்தஞ்சு வருஷத்துல அவ பகல்ல படுத்து நான் பாத்ததேயில்ல. டைபாய்டு வந்தப்போ கூட சொவத்துல சாஞ்சு உக்காந்துதான் இருந்தா. கிட்டப் போயி, "என்னாச்சு, ஒடம்பு சரியில்லையா, சுரமா?"ன்னு நெத்தியத் தொட்டேன். கண்ணத் தொறந்து பாத்தா. எழுந்திரிக்கக் கூட இல்ல.

"ஒண்ணும் இல்லைங்க. சும்மாத்தான் படுத்திருக்கேன்."

சும்மா! சும்மா எப்படி ஒருத்தி படுத்திருப்பா? மத்தியானம் ரெண்டரை மணிக்கு? இதான் அந்தப் பொண்ணு பண்ணி வெச்சிருக்கற வேலை. நல்லா இருந்தவள சோம்பேறி ஆக்கி வெச்சிருக்கா. நான் நின்னுக்கிட்டே இருக்கேன். அப்புறம் மெதுவா எழுந்து காப்பி போட்டா. கட்டில்ல உக்காருங்கன்னா. நான் உக்காரல. உக்காந்தா ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்.

"கெளம்பு. அங்க தாமு போனப்புறம் எடம்தான் ஏகப்பட்டது இருக்கே"ன்னேன்.

"எனக்கு எங்க எடம்?"னா.

சண்டையா கேக்கல. விலை கேக்குற மாதிரி கேட்டா. அப்புறம் சொன்னேன், பால்கனிய அடைச்சுத் தர்றேன், உனக்கே உனக்குன்னு தனி ரூமு, கதவு போட்டுத் தர்றேன், சமையக்கட்டுக் கதவ கழட்டினேன்னு மனசுல வெச்சிருக்கியே, அதுக்குப் பதிலா இது. ஃப்ரிட்ஜ் உள்ள வரலன்னு அந்தக் கதவ நான்தான் கழட்டினேன், அதுக்கு அவ ரெண்டு நாள் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு இருந்தா. எனக்கு ஞாபகம் இருக்கு. பொடவ மாத்தக் கூட ஒரு மறைப்பு இல்லன்னு மொணகினா. பாத்ரூம் இல்லையான்னு கேட்டேன் அப்போ.

அந்த நேரம் பாத்து கௌசல்யா வந்துட்டா. செருப்ப வெளிய விட்டுட்டு வந்தவ, என்னப் பாத்து, "வாங்க மாமா"ன்னு மரியாதையாத்தான் சொன்னா. பால்கனி விஷயத்தச் சொன்னேன். ஒரே கேள்விதான் கேட்டா. "எத்தன அடி மாமா?"

ஏழடி பால்கனின்னேன்.

"மெஷின் போவ?"

பாருங்க, எப்படிப் புடிக்கறான்னு. சொன்னேன். அவ தலைய ஆட்டிக்கிட்டே, "அத்தை அஞ்சடி ரெண்டு அங்குலம் மாமா. கட்டில் வாங்கறப்போ கதவு நெலையில நிக்க வெச்சு நான்தான் அளந்தேன். அவங்களுக்கே தெரியல, நாலே முக்கால்தான் இருப்பேன்னு சொன்னாங்க"ன்னா.

சம்பூர்ணம் சிரிச்சா அதுக்கு. ரெண்டு பேரும் சேந்து சிரிக்கறாங்க. நான் மட்டும் காப்பி டம்ளர வெச்சுக்கிட்டு நிக்கறேன். கெளம்பறப்போ வாசல் வரைக்கும் வந்தா சம்பூர்ணம். "போட்டு முடிச்சிட்டு சொல்லுங்க, வந்து பாக்குறேன்"ன்னா. வர்றேன்னு சொல்லல, கவனிச்சீங்களா? வந்து பாக்குறேன். வீடு பாக்க வர்ற குடித்தனக்காரங்க மாதிரி.

அதான் தம்பி விஷயம். இப்போ நீங்க என்னன்னா நாலே முக்காலுக்கு ஆள் படுக்க முடியாதுங்கறீங்க. ஏன் முடியாது? அஞ்சடி ரெண்டு இஞ்சுன்னா கால கொஞ்சம் மடக்கினாப் போச்சு. எல்லாரும் என்ன கம்பு மாதிரியா தூங்குறாங்க? நானும் பாத்துட்டேன், ஆளாளுக்கு வந்து அளவு சொல்றீங்க. சமையக்கட்டுல பதினெட்டு வருஷம் படுத்தாளே, அங்க எடம் பத்தலன்னு ஒரு நாளாவது சொன்னாளா? எட்டடி சமையக்கட்டுதான், ஆனா சாமான் போவ ஒரு ஆறு, ஆறே கால் கெடைக்கும். ஜாலியா உருளலாம். நம்பலன்னா அளந்து பாருங்க. வாங்க, வாங்க, இப்பவே அளப்போம். எனக்கும் ஒரு கணக்கு கையில இருந்தா கௌசல்யா வாய அடைக்கலாம்.

பாத்து, படி இருக்கு. இந்தப் பக்கம் மேடை, அது ரெண்டடி. அகலத்த விடுங்க, நீளம்தான வேணும்? இங்க ஃப்ரிட்ஜ். அந்தாண்ட தண்ணி டிரம்மு, அதுக்கு முன்னால ஸ்பேர் சிலிண்டரு. கிரைண்டர் அந்த மூலை. நடுவுல இந்தத் தரைதான், இங்கதான் பாயப் போடுவா. நீங்க ஃப்ரிட்ஜ்கிட்ட டேப்ப வெய்யுங்க. நான் சிலிண்டர்கிட்ட புடிக்கிறேன்.

எவ்வளவு?

மூணு அடி பத்து இஞ்சா? தப்பு தம்பி. நீங்க டேப்ப மடிச்சுப் புடிச்சிருக்கீங்க. இழுங்க. இன்னொரு தரம்.

மூணடி பத்து.

இருங்க. ஃப்ரிட்ஜ் வந்து பன்னெண்டு வருஷம். டிரம்மு அதுக்கு முன்னாலருந்தே இருக்கு. குறுக்க போட்டாலும் மேடை போவ நாலடிதான். அப்போ பாய எப்படி... பாதி பாய சுருட்டி வெச்சுக்குவாளோ? மூலையில கிரைண்டர், அங்கயும் நீட்ட முடியாது. சொல்லியிருக்கலாம்ல தம்பி? ஒரு வார்த்த. ஏங்க, எடம் பத்தலைன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் ஃப்ரிட்ஜத் தூக்கி ஹால்ல வெச்சிருக்க மாட்டேனா? என் பீரோவ எடுத்துப் போட்டிருக்க மாட்டேனா? யார் வேணாம்னா? எல்லாத்தையும் மனசுலயே வெச்சுக்கிட்டு, எவளோ ஒருத்திகிட்ட போயி...

தள்ளுங்க கொஞ்சம். இல்ல, பரவால்ல, வேட்டி அழுக்கானா ஆவட்டும். நான் படுத்துப் பாக்குறேன். தல இந்தப் பக்கம்தான் வெப்பா, தெக்க. சிலிண்டர்ல தல இடிக்குது, சரி. முட்டிய மடக்கறேன். இப்போ ஃப்ரிட்ஜ்ல முட்டுது. ஒருக்களிச்சா? ஒருக்களிச்சாலும் முட்டுது தம்பி. நீங்க அங்கருந்து பாத்துச் சொல்லுங்க.

கால எங்க வெக்கறது?